கல்யாண இலையில் மரவள்ளி

என் வீட்டு முன்னறையில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. என்னுடையது இல்லை; அது அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாகக் கிடக்கிறது. சுவரில் இருப்பது எங்கள் மிஸ்ஸியின் கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக மிஸ்ஸி நிற்கிறார். பக்கத்தில் அவருடைய அப்பா. மாப்பிள்ளையின் தோளும் பாதிக் காதும் மட்டும் ஓரத்தில் தெரிகின்றன. அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சில்வர் வாளியோடு நிற்கிறார். புதிதாக வருகிறவர்கள் அவரைச் சமையல்காரர் என்றுதான் நினைப்பார்கள். அதைத் திருத்திவிட்டுத்தான் நான் காப்பி கலக்கப் போவேன்.

கிள்ளானுக்குத் தெற்கே, கேரி தீவுக்குப் போகிற வழியில், தோட்ட வேலையை விட்டு வந்த சில குடும்பங்கள் காய்கறி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். கீரை, வெள்ளரி, பயத்தங்காய். என் வீட்டுக்காரர் லோரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கிள்ளான் பாசாரிலும், நம் ஆட்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் இறக்குவார். நிலத்தை ஒட்டி ஓடிய வாய்க்கால்தான் எங்களுக்கு எல்லாம்; அதைப் பாரிட் என்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை ஏமாற்றியது. கடல் பக்கத்திலேயே இருந்ததால், ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீர் பாரிட்டுக்குள் ஏறிவிட்டது. அது தெரியாமல் நாங்கள் அள்ளி அள்ளி ஊற்றினோம். ஊற்ற ஊற்றக் கீரை கருகியது. சாமி குற்றம் என்றார்கள் சிலர். நான் பக்கத்து வீட்டுக்காரியின் கண்தான் காரணம் என்றேன். ஆண்கள் வேலை தேடி வெளியே போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரரே சுபாங் ஜெயாவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். நிலத்தை விட்டால் எல்லோரும் ஆளுக்கொரு மூலையாகப் போய்விடுவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

அந்த நேரத்தில்தான் விவசாய இலாகாவிலிருந்து அவர் மோட்டாரில் வந்து இறங்கினார். முப்பதைத் தாண்டிய பெண், வெள்ளைச் சட்டை, தோளில் பெரிய பை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரித் தாதியைத்தான் மிஸ்ஸி என்போம். ஊசி போட மிஸ்ஸி வந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடி ஒளிந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கடைசிவரை போகவில்லை. நேராகப் பாரிட்டுக்குப் போய், ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். நாங்கள் துணி அலசுகிற தண்ணீர் அது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் நிதானமாகத் துப்பிவிட்டு என்னையும் ருசி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் மேல் இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

"இது ஒரு வருஷத்து வெயில் இல்லக்கா," என்றார். "இனிமே மழை நம்ம கேலண்டரப் பாத்து வராது. பாதி நிலத்துல கீரை போடுங்க. பாதியில தண்ணி அதிகம் கேக்காதத போடுங்க."

தண்ணீர் கேட்காதது எது என்று கேட்டோம். மரவள்ளி என்றார். அவ்வளவுதான், கூட்டம் அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருடம் அரிசி இல்லாமல் இந்த மலாய் நாடே மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தது. அந்தத் தலைமுறை அதற்குப் பிறகு அந்தக் கிழங்கைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் மாமனார் வீட்டில் அதன் பெயரைச் சொன்னாலே திட்டு விழும். ஒரு வீட்டில் மரவள்ளி அவிகிறது என்றால் அந்த வீட்டில் கஷ்டம் என்று அர்த்தம். அதைப் போய் நடு என்றால்? ஆனாலும் வேறு வழியில்லாததால் நட்டோம். அதிலும் எங்கள் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், ரோட்டைப் பார்த்த பக்கம் கீரையைப் போட்டுவிட்டு, மரவள்ளியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்து நட்டோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று எங்களில் ஒருத்திக்குக் கவலை. மிஸ்ஸி கோபித்துக்கொள்ளவில்லை. பின்பக்கம்தான் மேடு, உப்பு ஏறாது, நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். மண் காயாமல் இருக்கச் செம்பனை மட்டைகளை வெட்டிப் பாத்திமேல் பரப்பச் சொன்னார். தகரக் கூரையிலிருந்து விழும் மழையைப் பெரிய தோம்புப் பீப்பாய்களில் பிடித்து வைக்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி வேலையும் செய்தார்.

அடுத்த வருட வெயில் முந்தியதைவிட மோசம். ரோட்டோரக் கீரை காய்ந்து சருகானது. பின்பக்கம் மரவள்ளி ஆள் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. பிடுங்கினால் கை கொள்ளாத கிழங்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் லோரி போன வேகத்திலேயே திரும்பி வந்தது. மலாய்க்காரப் பலகாரக் கடைகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. எங்களிடம் இருந்த குவியலுக்கு அது எந்த மூலைக்கு? நம் ஆட்கள் வாங்கவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைக்கார அம்மா, ஜப்பான்காரன் திரும்பி வந்துவிட்டானா என்று கேட்டாராம். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் உள்ளே கறுத்துவிடும். பிடுங்காமல் விட்டாலோ நாரேறிப் போகும். சுபாங் ஜெயாப் பேச்சு மறுபடி கிளம்பியது. மிஸ்ஸி வந்து லோரியின் பின்னால் ஏறி, அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்.

அப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இவ்வளவு நாள் தள்ளிப் போட்டு அமைந்த சம்பந்தம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபம். விருந்தில் மரவள்ளிதான் முக்கியமான கறி என்று லோரியிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார். ஊரே கூடுகிற கல்யாணத்தில் ருசி பார்த்துவிட்டால் பிறகு கடையில் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. தப்பினால் அவர் கல்யாணமும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும், எங்கள் நிலமும் போகும். சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தன் பேர் கெட்டுவிடும் என்று அடம்பிடித்தார். அவரை மிஸ்ஸி சமாளித்துவிட்டார். மிச்சம் இருந்தது அப்பா.

அப்பாவிடம் சொல்ல என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். ஊருக்கு ஆபீசர் என்றாலும் அப்பா அப்பாதானே. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். ஜப்பான் காலத்தில், உப்புக்கூட இல்லாமல் அவித்த மரவள்ளியைத் தின்ற நாட்களில், தம்பியைப் பறிகொடுத்தவர். மகள் சொல்லி முடிக்கும்வரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வாசலுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"செய்மா. ஒன் கல்யாணம்," என்றார் கடைசியில். "எனக்கு மட்டும் வைக்க வேணாம்."

கல்யாணத்தன்று நாங்கள் எல்லோரும் லோரியில் போய் இறங்கினோம். தேங்காய் அரைத்து விட்ட மரவள்ளிக் கூட்டு, மரவள்ளி வடை, அப்பளம். முதல் பந்தியில் பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்கள். இலையில் கூட்டு விழுந்ததும் ஒவ்வொரு கையாக நின்றது. அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர், கூட்டை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். அவரைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரரும் தள்ளினார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். மணமேடையிலிருந்து மிஸ்ஸி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அப்பா எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பரிமாறுகிறவரின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். நேராக அந்தக் கூட்டாளியின் இலைக்குப் போய், ஒதுக்கிய கூட்டின் மேலேயே இன்னொரு கரண்டி வைத்தார்.

"சாப்பிடுப்பா," என்றார். "இதுல உப்புப் போட்டிருக்கு."

கூட்டாளி நிமிர்ந்து பார்த்தார். "நீ சாப்பிட்டியா?"

"நான் மூணரை வருஷம் சாப்பிட்டாச்சு. இது எம்மக வளத்தது. நீ சாப்பிடு."

கூட்டாளி கூட்டை இலையின் நடுவுக்கு இழுத்தார். பிறகு எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, வாளியைப் பார்த்துக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பந்தியில் யாரும் ஒதுக்கவில்லை. பந்திக்குப் பந்தி அப்பாவே பரிமாறினார். படம் எடுக்கிறவர், வாளியை வைத்துவிட்டு மேடைக்கு வாருங்கள் அங்கிள் என்று எவ்வளவோ கெஞ்சினார். அவர் வாளியோடுதான் வந்தார். பாவம், அந்த மாப்பிள்ளை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது அதனால்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அப்பா உட்கார்ந்து சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டார். மரவள்ளியைத் தொடவே இல்லை.

அந்த வாரமே கடைக்கார அம்மா கிழங்கு கேட்டு ஆள் அனுப்பினார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற சமையல்காரர், பூச்சோங்கில் ஒரு கல்யாணத்துக்கு லோரி நிறையக் கேட்டார். சுபாங் ஜெயாக் காவல் வேலைக்கு வேறு யாரோ போனார்கள். என் வாழ்க்கையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லோரியில் உட்கார்ந்து போனது அந்த நாட்களில்தான். மிஸ்ஸியும் அவர் அப்பாவும் இப்போது இல்லை. எங்களில் யாரும் நிலத்தை விடவில்லை. வறட்சி அடிக்கடி வருகிறது, கைப்பேசியில் முன்னாலேயே சொல்லியும் விடுகிறார்கள். என் மகன் பாதி நிலத்தை அதற்கென்றே வைத்திருக்கிறான். அந்தப் பாதிக்கு 'மிஸ்ஸி பாத்தி' என்று பெயர். மரவள்ளி இப்போது ரோட்டைப் பார்த்த பக்கமும் நிற்கிறது.

போன வாரம் மருமகளின் தங்கை வந்திருந்தாள். படத்தைப் பார்த்து வழக்கம்போலச் சமையல்காரரா என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுப் படத்துக்குக் கிட்டே போய் வாளியைப் பார்த்தாள்.

"அப்ப அவரு கடைசி வரைக்கும் ஒரு வாய்கூட சாப்பிடலயா ஆன்டி?"

"இல்லம்மா," என்றேன். "ஆனா கடைசி ஆள் சாப்பிடற வரைக்கும் வாளியக் கீழ வைக்கவே இல்ல."