தவிட்டுக்கு அடியில் கிடந்தது

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், கந்தர்வக்கோட்டைப் பக்கம் பன்றித் தீனியைப் பற்றி என்னளவுக்குப் பேசியவன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கறுத்த நாட்டுப் பன்றி. அதற்கே அவ்வளவு பேச்சு.

ஊர்ப் பன்றிகளெல்லாம் காலையில் அவிழ்த்துவிட்டால் கண்மாய், தரிசு, குப்பைமேடு என்று சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்பும். எனக்கு அது பிடிக்காது. “நம்ம பன்னி கண்ட எடத்துல வாய் வைக்கப்படாது” என்று மனைவியிடம் சொல்லி, வேலியடைத்து உள்ளேயே நிறுத்திவிட்டேன். கடலைப் புண்ணாக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு படி தவிடு, ஒரு பானை கழுநீர், ஒரு கை சீனிக்கிழங்குக் கொடி என்று நானே ஒரு கணக்கு வைத்தேன். நத்தை பொறுக்கி அவித்துப் போடட்டுமா என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அந்தக் கருமமெல்லாம் தொட்டியில் விழக்கூடாது என்று கத்தினேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

பன்றி எட்டுக் குட்டி போட்டது. எட்டும் கத்தரிக்காய் மாதிரி மினுமினுத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையிலும் மாதா கோயில் வாசலிலும், கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் என் தீனிக் கணக்கைச் சொன்னேன்.

கேட்டு அப்படியே செய்தவன் மனைவியின் தம்பி. கண்மாய்க்கு அக்கரையில் அவன் வீடு. குட்டி போட்ட பன்றியை அவனும் அடைத்து வைத்து, படியால் அளந்து போட்டான். மூன்றாவது வாரம் வந்து நின்றான்.

“நீங்க சொன்னபடிதான் அடைச்சு வச்சு அளந்து போடுறேன் மச்சான். தாய்க்குப் பால் வத்திப்போச்சு. ஆறு குட்டியும் எலும்பும் தோலுமாக் கெடக்கு.”

“ஒன் படி சின்னப் படியா இருக்கும்” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

“படி மேல பழி போடாதீங்க” என்றாள் மனைவி. தொட்டியில் கைவிட்டுத் தவிட்டை விலக்கிக் காட்டினாள். அடியில் இடித்த நத்தையும் கோரைக்கிழங்கும் கிடந்தன. நான் வயலுக்குப் போனதும் தினமும் கலந்திருக்கிறாள்.

“வெளிய விட்டா அதுவே தோண்டித் தின்னுக்கிரும். அடைச்சு வச்சுட்டு வெறுந் தவிட்டப் போட்டா பால் எங்கிட்டிருந்து வரும்? தம்பியும் அடைச்சு வச்சிருக்கான்னு எனக்கு இப்பத்தானே தெரியுது.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?”

“கேட்டேன். கத்துனீங்க.”

கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கரையில் ஆறு குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. மறுநாள் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாயில் இறங்கி நத்தை பொறுக்கினேன். மனைவி அவித்து இடித்துக் கொடுத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போனேன்.

“இது அடுத்த கட்டம்” என்றேன் அவனிடம். அப்போதும் வாய் அடங்கவில்லை.

ஒரு வாரம் தினமும் சுமந்தேன். தாய்க்குப் பால் சுரந்துவிட்டது. ஆறு குட்டிகளும் வரிசையாகப் படுத்து முட்டி முட்டிக் குடித்தன. மச்சினன் தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். “எல்லாம் எங்க மச்சான் மூளை” என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் பேசினேன், ஆனால் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு இம்புட்டுக் கவலை இல்லையே மச்சான்” என்றான்.

“எனக்கே போன வாரந்தான் தெரியும்” என்றேன். “ஒங்க அக்கா சொன்னா.”