பெரியப்பா பூட்டிய டோ பார்

அப்பா ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நோர்பரியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். எங்களிடம் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் மனிதருக்குப் பிக்கப் எதற்கு என்பது அம்மாவின் கேள்வி. அடுத்த கிழமை இரண்டு சில்லு வைத்த ஒரு ட்ரெய்லரும் வந்து சேர்ந்தது. அதில் ஏற்றுவதற்கு எங்களிடம் ஒரு பொருளும் இல்லை.

அன்று இருவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கதைத்தார்கள். வெளியே வந்தபோது அம்மாவுக்குப் பிக்கப்பைப் பிடித்துப்போயிருந்தது. ட்ரெய்லரை ஒரு ஈரத்துணியால் துடைக்கவும் செய்தார். பெரியவர்கள் இப்படித்தான், ஒரு நிலையில் நிற்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக்குகளுக்குப் போர்மனாக இருந்தவர். நடுவில் ஒன்றரை வருடம் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். யார் பிடித்தது, ஏன் பிடித்தது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. அகதிக் கேஸ் முடியும்வரை இங்கே அவர் வேலைக்குப் போகக்கூடாது. ஆகவே ஓவர்கோட்டைப் போட்டபடி ஹீட்டருக்குப் பக்கத்தில் இருப்பார். கேட்டதற்கு ‘ஓம்’ என்பார், அல்லது ‘இல்லை’ என்பார். வாசற்படியைத் தாண்டமாட்டார். சாப்பாட்டுக் கோப்பையை அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் நாலு வாய் சாப்பிடுவார்; பசிக்குது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சரியான சோம்பேறி என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

ட்ரெய்லரைக் கொழுவ வேண்டுமானால் பிக்கப்பின் பின்பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டத்தைப் பூட்ட வேண்டும். அதன் நுனியில் பந்து மாதிரி ஒரு குமிழ் இருக்கும். டோ பார் என்பது அதுதான். அப்பா அதைப் பெட்டியோடு கொண்டுவந்து பெரியப்பாவின் காலடியில் வைத்தார்.

“அண்ணை, கராஜில குடுத்தால் பிழையாப் பூட்டிப்போடுவாங்கள். நீங்கள் ஒருக்காப் பாருங்கோவன்.”

“இல்லை” என்றார் பெரியப்பா.

அடுத்த சனிக்கிழமை அப்பாவே துணிந்தார். சுவரில் ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாதவர். பிக்கப்பின் கீழே படுத்துக்கொண்டு அவர் ட்ரில்லைப் பிடித்ததும் அது இரும்பில் வழுக்கி ஓடிக் கீச்சிட்டது. ஒரு ஸ்பானர் தெருவுக்கே பறந்தது. பெரியப்பாவை வெளியே வரவைக்க அப்பா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார் என்று பின்னாளில் அம்மா சொன்னார். எனக்கு இன்றுவரை அதில் சந்தேகம் உண்டு.

கொஞ்ச நேரத்தில் வாசற்கதவு திறந்தது. சாரமும் ஓவர்கோட்டுமாகப் பெரியப்பா படியிறங்கி வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அப்பாவின் காலைத் தன் காலால் தட்டினார்.

“உப்பிடிப் பிடிச்சா விரல் போகும். எழும்படா.”

அவர் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வந்ததை அன்றுதான் கேட்டேன். குசினி ஜன்னலில் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார்.

மூன்று சனிக்கிழமை அந்த வேலை நடந்தது. முதல் நாள் பெரியப்பா பிக்கப்பின் கீழே போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டார். முகம் முழுக்க வேர்வை, ஓடிவந்தவர் மாதிரி மூச்சு. சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இதில இருந்து ஏதாவது கதைச்சுக்கொண்டிரு. நிப்பாட்டக் கூடாது.”

எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? சில்லுக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி இருந்து, டீச்சரின் பொய்த்தலைமுடி, என் சிநேகிதியின் நாய் போட்ட குட்டிகள், வாய்ப்பாட்டில் நான் விட்ட பிழை எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்க நிறுத்தினால் கீழிருந்து குரல் வரும்: “பிறகு?” என் கதைகள் அவ்வளவு சுவையானவை என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்ல விஷயம் தீர்ந்ததும் சொந்தமாகக் கதை விடவும் தொடங்கினேன்.

பழைய நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு, ஒரு கிழமை பொறுத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றினார். துளைகளை அளந்து, மறுபடி அளந்து, பிறகுதான் ட்ரில்லைத் தொட்டார். “அளந்த இடத்துக்குக் கிட்டத்தான் நான் போட்ட ஓட்டையும் இருக்கு” என்று அப்பா சொன்னபோது, “கிட்ட எண்டால் ட்ரெய்லர் ரோட்டில நிக்கும், நீ வீட்டில நிப்பாய்” என்றார். அம்மா சிரித்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

நாலாவது சனிக்கிழமை, வெறும் ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு சட்டன் என்ற ஊருக்குப் புறப்பட்டோம். “இதில என்ன கொண்டு போறம்?” என்று கேட்டேன். முன் சீற்றில் மூவரும் நெருங்கி இருக்க, நான் அம்மாவின் மடியில்.

மிச்சம் என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது பின்னால் ‘டங்’ என்று பெரிய சத்தம். அப்பா ஓரமாக நிறுத்தினார். பெரியப்பா குதித்து இறங்கிப் பின்னால் ஓடினார். ட்ரெய்லர் கழன்றால் பிடித்துக்கொள்ளும் காவல் சங்கிலி நீளமாய்த் தொங்கி இரும்பில் அடிபட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. அவர் முழந்தாளிட்டு அதைச் சுருக்கிக் கொழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பொலிஸ்காரர் நடந்து வந்தார்.

பெரியப்பா முதலில் கண்டது அவருடைய சப்பாத்துகளைத்தான். எழும்பி, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, தலையைக் குனிந்து நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கும் பிள்ளைகள்கூட அப்படி நிற்பதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினார்.

அப்பா படபடவென்று ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னார். பொலிஸ்காரர் குனிந்து குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இதைப் பூட்டியது யார் என்று கேட்டார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார்.

“ஐ” என்றார் பெரியப்பா. பிறகு குமிழைக் காட்டி, “ஐ பிக்ஸ்” என்றார்.

பொலிஸ்காரர் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. நல்ல வேலை என்று சொல்லி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சட்டனுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா ஒரு கார் பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பெரியப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஓவர்கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்தார்.

“பசிக்குது” என்றார்.

“என்ன சொன்னீங்கள், அத்தான்?” என்று அம்மா பெரியப்பாவிடம் கேட்டார்.

“பசிக்குது. நல்லாப் பசிக்குது.”

அம்மா முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். என் சட்டை நனைந்தது. அப்பாவோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வராததற்கு இந்தப் பாடா என்று எனக்கு இருவர் மேலும் ஒரே எரிச்சல். தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலேயே மீனும் சிப்ஸும் விற்கும் கடை திறந்திருந்தது. அதைக் கையால் காட்டி, காட்டி, மூன்று தடவை சொல்லிவிட்டேன்.