கோதுமை இல்லாத காலை

எங்கள் கோவில்பட்டியில் பிரட் என்பது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போவோம். சிறுவயதில், பாலில் நனைத்த பிரட்டின் மெத்தென்ற இனிப்புக்காகவே எனக்குக் காய்ச்சல் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். இங்கே ஹைதராபாத்தில், பேகம்பேட்டின் இந்த மூன்றாவது மாடியில், என் பத்து வயது மகள் யாழினிக்குப் பிரட்டைத் தின்றால்தான் நோய் வருகிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் அவள் குடலைப் புண்ணாக்குகிறது, ஆயுசுக்கும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரவை போனது, சேமியா போனது. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பார்கள் என்பதை டப்பாவைத் திருப்பிப் படித்து அப்போதுதான் அறிந்தேன்.

என் மனைவி செல்வி பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதன்பிறகு அடுப்படி என்னுடையது. ஜன்னலுக்கு வெளியே பனி பாலாடைபோல் படிந்திருக்க, தூரத்தில் முதல் மெட்ரோ வெளிச்சமாக வழுக்கிப் போகும். பாதித் தூக்கத்தில் இட்லி ஊற்றுவேன். யாழினி அதை மறுக்காமல் தின்பாள். ஆனால் பள்ளியில் மற்றவர்கள் டப்பாவைத் திறந்து முக்கோண சாண்ட்விச்சை எடுக்கும்போது அவள் எங்கே பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பள்ளி விட்டதும், நான் வரும்வரை அவள் கீழ்வீட்டு சுஜாதாவிடம் இருப்பாள். சுஜாதாவுக்கு என் வயதுதான்; என்னை அண்ணா என்பார். என் தெலுங்கு, அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படித்த நாட்களில் பொறுக்கியது. அதை வைத்துக்கொண்டு, பாப்பாவுக்குக் கோதுமை கூடாது என்ற அர்த்தத்தில், “பாப்பாக்கி கோதும வத்து” என்று சொல்லிவைத்திருந்தேன். அவரும் சிரித்தபடி தலையாட்டினார்.

டிசம்பரில் ஒரு நாள் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மூன்று நாள் பள்ளி இல்லை. கீழ்வீட்டில் பிரட் ஆம்லெட் சாப்பிட்டதாக மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னாள். நான் கோபத்தோடு படியிறங்கினேன்.

“வத்துன்னு சொன்னேனே?”

சுஜாதாவின் முகம் வெளுத்தது. “வத்து அண்டே இஷ்டம் லேது அனுகுன்னானு, அன்னா. படது அனி செப்பாலி கதா?”

வத்து என்றால் வேண்டாம். படது என்றால் ஒத்துக்காது; நான் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். கோதுமை பிடிக்காமல் அடம்பிடிக்கும் பிள்ளை என்றுதான் இத்தனை நாள் அவர் நினைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் இருந்தும், என் மகளின் உயிருக்கு வேண்டிய ஒரு சொல் என்னிடம் இல்லை. கோபம் வடிந்து, நிற்கக் கூசியது.

பின்னாலேயே யாழினி இறங்கி வந்திருந்தாள். “நேனே அடிகானு, ஆன்ட்டி,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நாந்தான்ப்பா கேட்டேன். தெரிஞ்சேதான் கேட்டேன். ஒரு தடவை சாப்பிட்டுப் பாக்கணும்னு.”

சுஜாதா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை, ஊறவைத்த பச்சைப்பயறு ஒரு கிண்ணத்தோடு அவர் மேலே வந்தார். “பெசரட்டு கொஞ்சம் மந்தமா போடுங்க அண்ணா,” என்று தெரிந்த தமிழில் தடுமாறிச் சொன்னார். பெசரட்டு பச்சைப்பயறு தோசை; மந்தம் என்றால் தெலுங்கில் தடிமன். அதில் நான் ஊறவைத்திருந்த இட்லி அரிசியையும் கொஞ்சம் சேர்த்து, இஞ்சி, பச்சைமிளகாயோடு மிக்சியில் கெட்டியாக அரைத்தேன். யாழினிக்கென்று தனியாக வைத்திருக்கும் சின்னக் கல்லில் உள்ளங்கை அகலத்தில் தடிமனாக இரண்டு ஊற்றி, மூடிபோட்டு வேகவிட்டேன். வெங்காயமும் மல்லித்தழையும் போட்ட ஆம்லெட்டை மடித்து நடுவில் வைத்து, குறுக்கே வெட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முக்கோணம் கொஞ்சம் கோணலாக வந்தது.

யாழினி நின்றபடியே கடித்தாள். “பிரட் மாதிரி இல்லப்பா,” என்றாள். சற்று மென்ற பிறகு, “நாளைக்கும் பண்ணுங்க.”

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதையே கட்டி எடுத்துக்கொண்டோம். விடியும் நேரம் ஆந்திர எல்லையில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே பனை மரங்கள் பனியில் மிதந்தன. செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ஒரு சின்ன ஸ்டேஷனின் மஞ்சள் பலகை நெருங்கி வந்தது. பெயர் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது. பள்ளியில் தெலுங்கு படிக்கும் அவளுக்குத் தமிழ் படிக்க வராது. எனக்குத் தெலுங்கு எழுத்து கூடிவராது. இருவரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுப் படித்தோம். அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே ஊர்தான். அங்கே ரயில் நிற்கவில்லை.