ஒன்பது டாலர் உதைக்கிறது

வெண்ணெய்க் கத்தியால் உறையைக் கிழித்து, வங்கி அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைச் சமையலறை மேசையில் நீவிவிட்டு, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்கிறார் வெல்டா. இனி வீட்டுத் தொலைபேசி அலறினாலும் எடுக்க ஆளில்லை. செக்குப் புத்தகத்தில் தாம் குறித்த தொகைக்கு ஒரு டிக், ஸ்டேட்மென்ட்டில் அதே தொகைக்கு ஒரு டிக். கொடுத்தும் வங்கிக்கு இன்னும் வந்து சேராத செக்குகள் தனியே. எல்லாம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மிச்சம் நிற்க வேண்டும். ஒரு சென்ட் இடித்தாலும் வெல்டாவுக்குச் சோறு இறங்காது.

"எல்லாம் போன்லயே தெரியுதேம்மா. பேங்க்காரன் மெஷினு தப்பாவா கூட்டும்?" என்பாள் மகள் டாரீன்.

"அது சரியாத்தான்டி கூட்டும். நான் சரியா கூட்டுறேனான்னு யாரு பாக்கிறது?"

ஒஹாயோவின் சோளக்காட்டுச் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் வெல்டா. ஓய்வு பெற்று வெகுகாலமாகியும், பள்ளிப் பேருந்துக்கான விதிப்படி, ரயில் தண்டவாளம் வந்தால் தம் சின்னக் காரையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடப்பார். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவது அந்தக் காதில் விழுவதே இல்லை.

அந்தக் காலத்தில் பணமான செக்குகளையும் வங்கி உறையில் வைத்துத் திருப்பி அனுப்பும். சனிக்கிழமை காலையில் அவற்றைச் சீட்டுக்கட்டு போல மேசையில் பரப்புவார். கணவர் மெர்ல் டிராக்டர் மெக்கானிக். இஞ்சினுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கைவிடும் மனிதருக்கு எண்கள் மட்டும் இடம் மாறிவிடும். செக்கில் ஐம்பத்து நான்கு என்று எழுதுவார், புத்தகத்தில் நாற்பத்தைந்து என்று குறிப்பார். அப்படி எண் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வெல்டாவுக்கு அது போதும்.

"மெர்ல்! ஒம்பது டாலர் உதைக்குது!"

"ஒம்பதா? அப்ப நான்தான்." கொட்டகையிலிருந்து கிரீஸ் கையோடு சிரித்துக்கொண்டே வருவார்.

"கையக் கழுவிட்டு வந்து நீயே தேடு. மாசத்துல ஒரு தடவையாவது உருப்படியா எழுதித் தொலைக்கக் கூடாதா?"

"எழுதிட்டா சனிக்கிழமை உனக்குப் பொழுது போக வேண்டாமா, ஆடிட்டரம்மா?"

ரேடியோவில் பேஸ்பால் ஓடும். இரண்டு தலைகளும் ஒரே தாளின்மேல் கவிழ்ந்திருக்கும். காப்பி ஆறிப்போகும். அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன!

மெர்லுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து, இப்போது ஊர்க் கோடியில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டில் கணக்கு முதல் கூட்டலிலேயே நேராகிவிடுகிறது, காப்பியில் ஆவி அடங்குவதற்குள். வெல்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுசில் ஒரு சென்ட்டைக்கூட மாற்றி எழுதாத கை, இப்போதெல்லாம் கணக்கு நேரானதும் ஒரு தொகையை அழித்து, எண்களை இடம் மாற்றி எழுதுகிறது. அந்தப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மெர்லிடம் போகிறார்.

"அப்பாவுக்கு உன்னையே அடையாளம் தெரியல. கணக்கா தெரியப்போகுது? வீணா மனச ஒடச்சுக்காதம்மா," என்று டாரீன் அழாத குறை.

அவள் சொல்வது பொய்யில்லை. போன மாதம் மெர்ல் வெல்டாவை நர்ஸ் என்று நினைத்து, தம் மனைவி எப்போது வருவாள் என்று விசாரித்தார். அன்று காரில் உட்கார்ந்து வெல்டா வாய்விட்டு அழுதார். இனி ஒருமுறையாவது அந்த மனிதருக்குத் தம்மைத் தெரிந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் வெல்டாவின் ஆசை.

இந்தச் சனிக்கிழமையும் புத்தகத்தை மெர்ல் முன் விரித்தார்.

"மெர்ல், ஒம்பது டாலர் உதைக்குது."

மெர்ல் ஜன்னலுக்கு வெளியே தீனி கொத்தும் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குருவி பறந்து போயிற்று. வெல்டா புத்தகத்தை மூடப் போனார்.

"ஒம்பதா?" மெர்லின் தலை மெல்லத் திரும்பியது. "அப்ப... நான்தான்."

மெர்ல் தம் கைகளைப் புரட்டிப் பார்த்தார். கிரீஸ் படாத, சுத்தமான கைகள்.

"கையக் கழுவிட்டு வரட்டுமா?"

"வேணாம்யா, இப்படியே வா," என்று நாற்காலியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்ட வெல்டா, பென்சிலைத் திருப்பி, ரப்பர் முனை தாம் மாற்றி எழுதிய தொகையின்மேல் படும்படி அவர் விரல்களுக்குள் வைத்தார்.