மதினியின் நெற்றித்துணி

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணிதான் வருகிறது. மாலையில் வந்து சைக்கிளை வாசலில் சாத்தியதும் அதை அவிழ்த்து முறுக்கிப் பிழிவார். வேர்வை சொட்டுச் சொட்டாகச் சிமெண்டுத் தரையில் விழும். பிழிந்ததை ஹேண்டில்பாரில் காயப்போட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாலும் உடனே வாங்கமாட்டார். வாங்குவதற்குக் கையைத் தூக்க வேண்டுமே.

மதினி என் அண்ணன் மனைவி. பெரியகுளத்துப் பெண். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோதே கிராமச் செவிலியர் வேலையில் இருந்தார். குச்சனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் அவர்தான் நர்சம்மா. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் நிழற்குடையிலேயே போய்விடும் என்று தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். இரண்டு பக்கமும் மலை பச்சையாக நிற்பதால் எங்கள் பள்ளத்தாக்கு எப்போதும் குளுகுளுவென்று இருக்கும் என்பது வெளியூர்க்காரர்களின் நினைப்பு. அவர்களைச் சித்திரை வெயிலில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ரோட்டில் சைக்கிள் மிதிக்கச் சொல்ல வேண்டும்.

வேர்த்தால்கூடப் பரவாயில்லை, அது கண்ணுக்குள் இறங்குவதுதான் தொல்லை. தலையில் தேய்த்த எண்ணெயும் நெற்றிக் குங்குமமும் அதோடு கரைந்து வரும். கண் திகுதிகுவென்று எரியும். துடைக்கக் கையை எடுத்தால் சைக்கிள் ஆடும், மூடினால் எதிரே வருவது தெரியாது. எண்ணெய் வைப்பதை விட்டுப் பார்த்தார். நெற்றியில் பவுடரை அப்பிப் பார்த்தார். அது மாவுக் கரைசலாகி இமையில் வந்து நின்றது. முந்தானையைத் தோளில் சுற்றி, போகிற போக்கில் முகத்தை அதில் தேய்த்துக்கொண்டார். அப்படித் தேய்த்தபோதுதான் ஒரு லாரிக்கு ஒதுங்கத் தெரியாமல் வாய்க்காலில் விழுந்தார். முழங்கால் கிழிந்து வந்தவர் எங்களிடம் காட்டியது நனையாத பெட்டியை. “காலு கெடக்கு. பெட்டிக்குள்ள தண்ணி போயிருந்தா பச்சப்புள்ளைகளுக்கு எதக் குத்துறது?” என்றார்.

அதற்குப் பிறகுதான் அண்ணனின் பழைய பனியனைக் கிழித்து நெற்றியில் கட்ட ஆரம்பித்தார். புருவத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் துணிக்கடியில் குங்குமம் நிற்குமா? ஸ்டிக்கர் பொட்டும் உரிந்து எங்கேயோ போய்விடும். அதனால் ரோட்டில் வெறும் நெற்றி, வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் பொட்டு என்று வைத்துக்கொண்டார். வீட்டில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதினியின் சித்தப்பா பெரியகுளத்திலிருந்து குச்சனூருக்குச் சாமி கும்பிட வந்திருக்கிறார். திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால், வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவருடைய அண்ணன் மகளான மதினி நெற்றித்துணியை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருக்கிறார். நெற்றியில் பொட்டில்லை. கண் வேறு சிவந்திருக்கிறது. இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்லை எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம். ஆனால் சனீஸ்வரனைக் கும்பிட்டவர் வேறு வீட்டுப் படி ஏறக்கூடாது, நேரே தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில் அவர் கறாரானவர். நேரே போனார். போய், மாப்பிள்ளை தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் ஒரு காதுகுத்தில் இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் ஆகியிருந்ததால், அந்தக் கோபத்தில்தான் சாவுத் தாக்கல்கூடச் சொல்லிவிடவில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரியோடு இறங்கினார்கள். அண்ணன் அப்போது தோசை தின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எச்சில் கையோடு வெளியே ஓடினான். “என்னத்தே, யாரு தவறிட்டாக?” என்று மாமியாரையே கேட்டான். அந்த அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து முடித்திருக்க வேண்டிய விஷயம். நான் சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் அழுதது வீண் என்று தெரிந்ததும் வந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. “நெத்தி மூளியா ரோட்டுல திரிஞ்சா வேற என்னன்னு நெனைக்கிறது?” என்று மதினியின் தம்பி கத்தினார். எங்கள் அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு குடும்பமும் அன்றைக்கு ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது, மதினி வேலையை விட்டுவிட வேண்டும் என்பதில். அண்ணன் எச்சில் கையைக் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அந்த வேலை போய்விட்டால் மதினியிடம் மிச்சமென்று எதுவும் இருந்திருக்காது. அது எனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா என்று எரிச்சலாக வந்தது.

மதினி சண்டை போடவில்லை. முந்தின நாள் அலுப்பே அவர் உடம்பில் இன்னும் இருந்தது. “வேர்வைய நிப்பாட்டச் சொல்லுங்க. நான் பொட்டு வச்சுக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு தன் அம்மா முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்த பையை வாங்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளைக் கோடிச் சேலை. தாலி அறுத்த மகளுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டார் கொண்டுவருவது. அதைத் திருப்பிக் கொண்டுபோனாலும் ஆகாது, இங்கே வைத்தாலும் ஆகாது, ஆற்றில் விடலாமா என்று பெரியவர்கள் குசுகுசுத்தார்கள். மதினி துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “நல்ல பருத்தி” என்றார். அருவாமனையில் ஓரத்தை அறுத்துவிட்டு, கூடியிருந்த எல்லோர் முன்னாலும் பட்டை பட்டையாகக் கிழித்தார். “ஆத்தாடி!” என்று என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வேலையை விடும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்தப் பட்டைகளைக் கட்டிக்கொண்டுதான் மதினி வருஷக்கணக்காக மிதித்தார். ஊர் வாயை நினைத்து அம்மா தினமும் காலையில் துணிக்கு மேலேயே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவார். மதினியும் தலையைக் குனிந்து காட்டுவார். ஒரு பட்டை நைந்தால் அடுத்தது. எல்லாம் நைந்து தீர்ந்தபோது அண்ணன் கல்லுக்குண்டு போலத்தான் இருந்தான்.

இப்போது செவிலியர்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள். நானும் தேனியில் ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போகிறேன்; ஹெல்மெட்டுக்குள் வேர்வை இறங்கிக் கண் எரியும்போது ஓரங்கட்டி நிற்கிறேன். மதினி மட்டும் மோட்டார் வண்டியை இன்றுவரை பழகவில்லை, சைக்கிள்தான். ஓய்வுபெற இன்னும் கொஞ்சகாலம் இருக்கிறது.

போன ஆடியில் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டான். மதினி அழவில்லை. வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அழக்கூடத் தெம்பில்லாதவர் போல இருந்தார். எங்கள் அம்மா உயிரோடு இல்லை, மதினியின் அம்மாவும் இல்லை. தம்பிதான் கோடி கொண்டுவந்தார். இப்போது வெள்ளை எடுப்பதில்லை. இளநீலத்தில் சின்னச் சின்னப் பூப்போட்ட சேலை. அதைத் தோளில் போர்த்தினார்கள். மதினி அதன் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பாலியஸ்டருடி. இது வேர்வைய இழுக்காது” என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார்.