பிறை போட்ட பீரோ

பழைய இழுப்பறை பீரோ விற்பவனுக்கு இரண்டு பகை. ஒன்று கறையான், மற்றது, கடைக்குள் வந்து ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல இதவிடப் பழசு கிடக்கு" என்று சொல்லிப் போகிறவர். ஐப்பசி மழையில் ஊறிப்போன இழுப்பறையோடு, ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து மல்லுக்கட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. மேலே படியுங்கள். மதுரைச் சிம்மக்கல்லில் நான் இந்தக் கடையை வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. இதில் எட்டு வருஷம் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

துரை சொன்ன பாடம்

வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். அப்படி ஒரு ஏலத்தில், ஒரு வயசான துரை என்னைக் கூப்பிட்டு இழுப்பறை ஒன்றை உருவித் தலைகீழாகக் காட்டினார். மூலையில் இரண்டு பலகையும் விரல் கோத்த மாதிரி கோத்திருந்தன. "இந்தப் பற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, பார். அப்படியென்றால் கை வேலை, நூறு வருஷப் பழசு. அச்சடித்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் மிஷின் வேலை, புதுசு" என்றார். நான் அரைகுறையாகப் படித்த இங்கிலீஷுக்கு அது நன்றாகவே புரிந்தது.

அவ்வளவுதான், நான் பண்டிதன் ஆகிவிட்டேன். மேலே இரண்டு சின்ன இழுப்பறை, கீழே மூன்று நீள இழுப்பறை என்றால் இன்ன ராஜா காலம், முகப்பு வில் மாதிரி முன்னால் வளைந்திருந்தால் இன்ன ராணி காலம் என்று வாங்க வந்தவர்களுக்குப் பிரசங்கமே செய்வேன். பித்தளைக் கைப்பிடிக்குப் பின்னால் பழைய ஓட்டை தெரிந்தால் கைப்பிடி மாற்றியது என்று கண்டுபிடிப்பேன். அது மட்டும் சரியாகத்தான் இருந்தது. கடை வாசலில் ஒரு பலகையும் எழுதி மாட்டினேன்: 'நூறு வயதுக்குக் குறைந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்.' பலகை எழுதின பெயிண்டர் ஏணியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "பொறந்த தேதிய யாருண்ணே வந்து சொல்லப் போறா?"

ஏட்டையாவின் பெல்ட்

ஒரு மழைக்காலம். ஏட்டையா ஒருவர் மேலே யூனிபாரம், இடுப்பில் வேட்டி என்ற கோலத்தில் ஓடி வந்தார். அன்றைக்கு மேலதிகாரி பார்வையிட வருகிறாராம். பெல்ட்டும் கால்சட்டையும் நான் விற்ற பீரோவின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கின்றன. இழுப்பறை ஊறி இறுகிவிட்டது. போதாததற்குச் சாவியும் பூட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன்.

நான் பூட்டைத் தொடவே இல்லை. அதற்கு மேலே இருந்த இரண்டாவது இழுப்பறையை முழுசாக உருவி வெளியே வைத்தேன். அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுக் கால்சட்டையையும் பெல்ட்டையும் எடுத்துக் கொடுத்தேன். விலை உயர்ந்த பீரோக்களில் ஒவ்வொரு இழுப்பறைக்கும் நடுவில் ஒரு பலகை இருக்கும். ஏட்டையா வாங்கினது அந்த ரகமில்லை என்பதை விளக்கினேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டே என்னை முறைத்தார். "இது உனக்கு மட்டுந்தான் தெரியுமாய்யா, இல்ல நான் லாக்கப்புல போட்டு வச்சிருக்கேனே ஒரு திருடன், அவனுக்கும் தெரியுமா?"

நாலு கால்

பட்டாளத்துக்காரர்கள் கொண்டுபோகிற பீரோ என்று ஒன்று உண்டு. முகாம் மாறும்போதெல்லாம் தூக்க வேண்டும் என்பதால் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரியும். கைப்பிடிகள் மரத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், மூலைகளுக்குப் பித்தளைப் பட்டை, காலைத் திருகினால் கழன்றுவிடும். அப்படி ஒன்றை வாடிப்பட்டியில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு விற்றிருந்தேன். சில வருஷம் கழித்து அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. வயல், கிணறு, மாடு எல்லாம் பிரித்தாகிவிட்டது, பீரோவில் வந்து நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ரம்பம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள் என்று ஆள் வந்ததும் பஸ் பிடித்துப் போனேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மேல்பாதியை அப்படியே தூக்கிக் கீழே வைத்தேன். ஒரு கீறல் இல்லை. ஆளுக்கு இரண்டு இழுப்பறை. ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார்கள். நான் மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தம்பிக்காரன் தன் பாகத்தைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். "அண்ணனுக்கு நாலு காலு, எனக்கு ஒத்தக் காலுகூட இல்ல. அதுல ரெண்டத் திருகிக் குடுங்கய்யா!"

பட்டு வியாபாரி

துரை ஏலத்தில் நான் எடுத்தவற்றில் வில் முகப்புப் பீரோ இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு இழுப்பறையின் அடியிலும் சின்னதாக ஒரு பிறை கீறியிருந்தது. அது சீமைக் கம்பெனி முத்திரை என்று நானே முடிவு செய்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

சௌராஷ்டிரப் பட்டு வியாபாரி ஒருவர் வந்தார். கொஞ்சமாகப் பேசுவார், விரலால் தடவித்தான் எதையும் வாங்குவார். பற்கள் ஒன்றுபோல் இல்லாததைக் காட்டினேன், பிறையைக் காட்டினேன், வாசல் பலகையையும் காட்டினேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கூடத்தில் கௌரவமாக ஒரு சாமான் வேண்டும் என்றும் சொன்னார். இரண்டில் ஒன்றை வண்டியில் ஏற்றின பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "வயசு நூறுங்கிறது உங்க வாக்கு. அத நம்பித்தான் எடுக்குறேன்."

யூசுப் பாய் சிரித்தது

கடையில் மெருகு போட்டுக்கொண்டிருந்தவர் ஊரோடு போய்விட்டதால், கோரிப்பாளையத்திலிருந்து யூசுப் பாய் என்ற தச்சரை வேலைக்கு வைத்தேன். வந்து நாலாம் நாள். ஒரு வாடிக்கைக்காரரிடம் நான் வழக்கமான பிரசங்கத்தைச் செய்துகொண்டிருந்தேன். பற்கள் ஒன்றுபோல் இல்லை, ஆகவே நூறு வருஷம் என்று முடித்தேன். அவர் போனதும் யூசுப் பாய் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை என் கடை அதுவரை கேட்டதில்லை.

"அண்ணே, அது துரை ஊருக்குச் சரி. நம்ம மதுரையில மரப்பல்லு வெட்டுற மிஷினு எங்கண்ணே இருக்கு? நேத்து நான் செஞ்ச முக்காலியும் கை வேலதான். அதுக்கும் நூறு வயசா?"

நான் விடாமல், மிச்சம் இருந்த பிறை போட்ட பீரோ ஒன்றைக் காட்டி, "அப்ப இது?" என்றேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, இழுப்பறையை உருவி, அந்தப் பிறையைத் தடவினார். துரைமார்கள் படப் புத்தகத்தைக் கொடுத்து அதே மாதிரி செய்யச் சொல்வார்களாம். உள்ளூர்த் தச்சர்கள் செய்து கொடுப்பார்களாம். "அடிப்பலகைய மோந்து பாருங்க, தேக்கு. சீமையில தேக்கு எங்க விளையுது?" என்றார். நான் மோந்து பார்த்தேன். தேக்குதான். எட்டு வருஷமாக அந்த வாசனை என் மூக்கின் முன்னாலேயே இருந்திருக்கிறது.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வாசல் பலகையைப் பார்க்கவே முடியவில்லை. பட்டு வியாபாரி ஞாபகம் வந்தது. யாரோ விலைக்கு ஏமாந்தால்கூடச் சமாளிக்கலாம், அவர் என் வாக்கை வாங்கிப் போனவர். "இதுக்கு எம்புட்டு வயசுதான் பாய் இருக்கும்?" என்று கேட்டேன். அவர் இழுப்பறையைத் திரும்ப உள்ளே தள்ளினார். அது ஒரு சத்தமும் இல்லாமல் போனது. "எங்க அத்தா போட்ட பிறைண்ணே. என் நிக்காஹ் நடந்த வருஷம் செஞ்சாரு. என் மூத்த மகளுக்கு இப்ப இருபத்திரெண்டு!"

வாக்கு

மறுநாள் காலையிலேயே பட்டு வியாபாரி வீட்டுக்குக் கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிடுவது, பீரோவைத் திருப்பி எடுத்துக்கொள்வது, திட்டினால் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். துணைக்கு யூசுப் பாயும் வந்தார். அவர் அத்தா செய்த பீரோவை ஒருதடவை பார்க்க வேண்டுமாம்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் என்பது வெற்றிலைத் தட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. அவர்களுக்கு நடுவில் பீரோ, பித்தளையெல்லாம் பளபளவென்று தேய்த்து. மாப்பிள்ளையின் அப்பா அதன் வளைந்த முகப்பைத் தடவிக்கொண்டு, "இப்ப யாரு இப்படிச் செய்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பின்னால் நின்ற யூசுப் பாய் இருமினார். வியாபாரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, முழங்கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கிணற்றடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. வயது நூறு இல்லை, இருபத்துச் சொச்சம். சீமை இல்லை, கோரிப்பாளையம். செய்தவரின் மகன் இதோ நிற்கிறார். எட்டு வருஷம் தெரியாமல் அளந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், சம்பந்தி போனதும் வண்டி கொண்டுவந்து எடுத்துப் போகிறேன், கொடுத்ததை அப்படியே தருகிறேன் என்றேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அவருக்குத்தான் முகம் வெளுத்தது.

"தூக்கிட்டுப் போறீங்களா? கல்யாணத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போவீங்க போல!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கூடத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். யூசுப் பாயைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் தணிந்தது. "உங்க அத்தா வேல மேல எனக்கு ஒரு குறையும் இல்ல பாய். இழுப்பறை எண்ணெயில போற மாதிரி போகுது." பிறகு என் பக்கம் திரும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்கிட்ட நூறுன்னு சொன்னீங்க. நான் அவங்ககிட்ட எங்க பாட்டனார் சீதனமா வாங்கினது, நூத்தம்பதுன்னு சொல்லிட்டேன். இப்ப யாரு மொதல்ல உண்மையச் சொல்றது, நீங்களா நானா?"

பீரோவை அங்கேயே விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் வாசல் பலகையை இறக்கி யூசுப் பாயிடம் கொடுத்தேன், அதில் அவர் நல்லதாக ஒரு இழுப்பறை செய்தார், அடியில் பிறையும் போட்டார்; பழைய சாமான் வியாபாரத்தில் வயதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு வருஷம் ஆனது, அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கப் பழகுவதற்குத்தான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.