நைட்டியும் பஃப் கை ஜாக்கெட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு என்ன தெரியும்? என் கோபம் மூக்கில் இல்லை, நாக்கில் இருக்கிறது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டி ஹாலில், ஐந்து பெரியவர்களுக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டி வந்தது.

செய்த குற்றம், நைட்டியோடு தெருவுக்கு வந்தது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி உண்டு. என் வீட்டில் எனக்கொன்று, அவருக்கொன்று. தறியில் ஏற்றுவதற்கு முன், பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஒட்டியதைப் பிரித்து, அறுந்ததை முடிந்து காயவைப்போம். இதுதான் பாவு. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும், ஆறேழு பேர் கை வைக்காமல் முடியாது. இன்றைக்கு என் பாவுக்கு நீ வா, நாளைக்கு உன் பாவுக்கு நான் வருகிறேன் என்பது தெருப் பழக்கம். காலையில் எழுந்ததும் நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் ஓடி வருவோம்.

அப்படித்தான் பல வருடமாக ஓடி வந்துகொண்டிருந்தோம். திடீரென்று கமிட்டிக்கு என்ன ஞானம் வந்ததோ, பெண்கள் நைட்டியோடு தெருவில் இறங்கக் கூடாது என்று கோயில் பலகையில் எழுதிப்போட்டார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பாவுக்கு, இருப்பதிலேயே பெரிய பூப்போட்ட நைட்டியாகத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான்.

பிள்ளையார் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் என் வீட்டுப் பாவுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது என்றார்கள். வியாழக்கிழமை என் பாவு. ஒரு முகூர்த்தப் புடவை, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. புடவை தள்ளிப்போனால் அடுத்த வேலை எனக்கு வராது, வேறு தறிக்குப் போய்விடும். ஆனால் மன்னிப்பா? நானா?

கமிட்டித் தலைவர் எனக்கு மாமா முறை. எழுபதைத் தாண்டியவர். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஏம்மா, பொம்பளைங்க புடவ கட்டிக்கினு லட்சணமா வந்தா என்ன? நம்ம நெய்யறதே புடவ."

"தறிக்குழில எறங்குனா கொசுவம் மிதிக்கட்டைல மாட்டிக்குது மாமா. ஒரு நாள் நீங்க கட்டிக்கினு உக்காந்து பாருங்க."

ஒருவருக்கு டீ புரை ஏறியது.

"வாய் ரொம்ப நீளுதும்மா. காலங்காலமா நம்ம பொம்பளைங்க புடவ, ஜாக்கெட்னு அடக்கமா இருந்தவங்க. ஊரோட ஒத்துப் போவணும்."

காலங்காலமா! அந்த வார்த்தையைக் கேட்டதும் பதில் தேடி அண்ணாந்து பார்த்தேன். அவர் தலைக்கு மேல், கோயிலின் முதல் கும்பாபிஷேகத்தன்று எடுத்த போட்டோ தொங்கியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற போட்டோதான். ஆனால் அன்றைக்குத்தான் கண் திறந்து பார்த்தேன்.

"மாமா, கொஞ்சம் திரும்பி மேல பாருங்க. முன்னால ஒம்போது ஆம்பளைங்க. ஒருத்தருக்காவது சட்ட இருக்குதா? பின்னால பொம்பளைங்க எல்லாம் முந்தானைய இழுத்துப் போத்திக்கினு நிக்குறாங்க. ஒருத்தங்க தவிர யாருக்கும் ஜாக்கெட் இல்ல. நம்ம காலங்காலம் எப்ப மாமா ஆரம்பிச்சுது?"

ஐந்து பேரும் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பேருடைய பையில் பேனா வேறு.

நான் சொன்ன அந்த ஒருத்தி போட்டோவின் வலது ஓரத்தில் இருந்தாள். ஒல்லியான பெண். பஃப் கை ஜாக்கெட். வரிசையிலிருந்து ஓரடி தள்ளி நின்று, கேமராவை நேராக முறைத்துக்கொண்டிருந்தாள். "அவங்க யாரு, ஏன் தள்ளி நிக்குறாங்க?" என்று கேட்டேன்.

கமிட்டியிலேயே மூத்தவர், எந்தக் கூட்டத்திலும் தூங்கிவிடுகிற தாத்தா, அப்போது பார்த்து முழித்துக்கொண்டார்.

"அதுவா? நம்ம தலைவரோட அம்மா! வாலாஜாபாத்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவங்க. வரும்போதே ஜாக்கெட் போட்டுக்கினு வந்துட்டாங்க. வெள்ளக்காரி வேசம் கட்டிக்கினு வரிசைல நிக்காதேன்னு எங்கப்பாதான் தள்ளி நிக்க வெச்சாரு. அப்ப அவருதான் இங்க தலைவரு. அந்த வூட்டுப் பாவுக்கு யாரும் போவக் கூடாதுன்னு கட்டுப்பாடு வேற. அப்பவும் கழட்டுலியே அந்தம்மா!"

பெருமையாகச் சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார் தாத்தா. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு மாசம் எங்கப்பனும் ஆத்தாளும் ரெண்டே பேரா பாவு விரிச்சாங்க. ஆத்தா சொல்லிக்கினே இருக்கும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "நீ போம்மா" என்றார்.

கட்டுப்பாடு உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வியாழன் வரை பைத்தியம் மாதிரி இதையே யோசித்தேன். ஜாக்கெட் என்ற பேரே நம்முடையது இல்லை, அதைப் போட்டதற்காக ஒருத்தியை ஒதுக்கினார்கள். இன்றைக்கு அதைப் போடாமல் வந்தால் ஒதுக்குவார்கள். நைட்டியும் யாரோ எந்த ஊரிலோ தூங்குவதற்கென்று தைத்த உடுப்புதான். நாம் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு, தூக்கத்தைத் தவிர மற்ற எல்லா வேலையையும் அதில்தான் செய்கிறோம். இன்னும் ஐம்பது வருடம் கழித்து, ஒழுங்காக நைட்டி போட்டு வா என்று எவளையாவது அதட்டப் போகிறார்கள், பாருங்கள்.

வியாழக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரருமாகப் பாவு கட்டக் கம்பம் நட்டோம். தெருவில் ஈ காக்கை இல்லை. கதவுகள் மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தன. நைட்டியில்தான் நின்றேன். இரண்டு பேரும் மாறி மாறி ஓடினோம், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தொய்ந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தலைவர் வந்தார். சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, பாவின் மறுமுனையைப் பிடித்தார்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்தார். பால் வாங்கவே கஞ்சி போட்ட புடவையில் வருகிற அத்தை. அன்றைக்குக் கிளிப்பச்சை நைட்டி, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

"என்னாடி பாக்குற? பொண்ணு வாங்கிக் குடுத்து ரெண்டு வருசமா பீரோலயே கெடந்தது. எழைய புடி."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பதினேழு பேர்! ஆறு பேர் போதும் என்றாலும் யாரும் போகவில்லை. வெயில் கோயில் சுவரைத் தொடுவதற்குள் என் மாம்பழ மஞ்சள் தெரு நீளத்துக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. யார் அழித்தார்களோ, பலகையிலும் எழுத்து இல்லை.

கையைத் துடைத்தபடி அத்தை தன் நைட்டியை மேலும் கீழும் பார்த்தார். "எங்க மாமியார் மட்டும் இப்ப இருந்திருந்தா, இந்தத் தெருவுலயே மொத நைட்டி அதுதான் போட்டிருக்கும்" என்றார்.

"போட்டுக்கினு வரிசைக்கு நடுவுல நின்னுருக்கும்" என்றார் தலைவர்.